கறுப்புக் காரும் வெள்ளைச் சேலையும்

என் மகன் அந்தோணி ஓட்டிய கார் கறுப்பு.

இரண்டாம் உலகப் போர் நடந்த வருஷங்களில் ஓர் ஐப்பசி மாதம். நான் சேலத்தில் பள்ளி ஆசிரியன். அந்தோணி ஒரு நூல் வியாபாரியின் வீட்டுக் கார் ஓட்டி. விமானங்கள் குண்டு போடும் என்ற பயத்தில், இரவில் கார் விளக்குகளைக் கறுப்புத் தாளால் மூடி, கீற்று வெளிச்சத்தில்தான் ஓட்ட வேண்டும். வண்டி பிறர் கண்ணுக்குத் தெரிய மட்கார்டிலும் பின்புறத்திலும் வெள்ளை பூசச் சொல்லியிருந்தார்கள். வியாபாரியின் மனைவி சம்மதிக்கவில்லை. நானே போய்க் கெஞ்சினேன்.

"ஏனுங்க வாத்தியாரே, நல்லது கெட்டதுக்குப் போற வண்டிக்குத் தாலியறுத்தவ நெறத்தைப் பூசச் சொல்றீங்களா?" என்றார்.

அருகே வெள்ளைச் சேலையில் அவருடைய நாத்தனார் நின்றார். இளவயதில் கணவரை இழந்தவர். அவர் தலை குனிந்தது. நான் வீடு திரும்பினேன்.

அந்த வாரமே அந்தோணி அவர்கள் இருவரையும் திருச்செங்கோட்டுக்கு அழைத்துப் போனான். பொழுது சாய்ந்தது. மழை பிடித்தது. வண்டி வரவில்லை. கறுப்பு வானம், கறுப்புச் சாலை, கறுப்பு வண்டி. யாரிடம் போவேன்? என்ன செய்வேன்? செபமாலை கையில் இருந்தது, செபம் வாயில் வரவில்லை. "மாதாவே, என்னால் போக முடியாது. நீ அவன் பின்னால் நில்லு" என்று மட்டும் அழுதேன்.

அவன் வந்து சேர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

வழியில் பின்சக்கரம் வெடித்திருக்கிறது. அவன் சாலையோரம் மண்டியிட்டுச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, அந்த நாத்தனார் மழையில் இறங்கி, அவனுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். வேகமாக வந்த லாரிக்காரன் காரைக் காணவில்லை. வெள்ளைச் சேலையைத்தான் கண்டான். கை எட்டும் தூரத்தில் லாரி நின்றது.

நன்றி சொல்ல வியாபாரி வீட்டுக்குப் போனேன். நாத்தனார் சிரித்தார். "நான் எதுக்க வந்தா எல்லாரும் நின்னு திரும்பிப் போவாங்க, வாத்தியாரே. லாரிக்காரனும் நின்னானுங்க. அவ்வளவுதான்."

வாசலில் அந்தோணி மட்கார்டுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். வர்ண டப்பாவைக் கையில் பிடித்து நின்றது வியாபாரியின் மனைவிதான்.

இப்போதும் அவன் வண்டி எடுக்கும்போதெல்லாம் பயப்படுகிறேன். ஆனால் எதிரே யார் வந்தாலும் சகுனம் பார்ப்பதில்லை. கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும் பெற்றோரே, கேளுங்கள். நீங்கள் போக முடியாத இடத்துக்குத் தேவமாதா ஆள் அனுப்புவாள். நாம் ஒதுக்கி வைத்த ஒருவராகவே அவர் இருக்கலாம்.