பின்பக்கக் காட்டுக்கு வைத்த கையெழுத்துகள்

போன கிழமை காலை நடையை முடித்துக்கொண்டு காட்டு வாசலுக்கு வந்தபோது ஒரு பெண்பிள்ளை என்னை மறித்தாள். கையில் தாள் செருகிய அட்டை, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனை.

"அங்கிள், ஒரு சைன் வேணும். இந்தக் காட்டைப் பெருப்பிக்கச் சொல்லிக் கேக்கிறம். ஜஸ்ட் நேம் அண்ட் அட்ரஸ்."

எனக்கு முன்னால் ஆறு பேர். ஆறு பேரும் வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் கண்ணாடியைத் துடைத்து முழுவதையும் வாசித்தேன். பேனையைப் பிடித்த பிறகு கை ஓடவில்லை. பெயரும் விலாசமும் எழுத ஒரு கிழவனுக்கு இவ்வளவு நேரமா என்று அவள் நினைத்திருப்பாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

ஸ்காபரோவில் நான் முதலில் குடியிருந்த கட்டடம் இந்தக் காட்டின் மறுகரையில்தான் இருக்கிறது. பதினாறு மாடி. ஆனால் லிஃப்டில் பதின்மூன்று கிடையாது என்பதால் கடைசி மாடி பதினேழு. கணக்கை இப்படிக் குழப்புகிற நாட்டில் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று வந்த அன்றே கவலைப்பட்டவன் நான். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் புள்ளிவிபரப் பகுதி எழுதுவினைஞர். எண்ணுவதற்கென்றே அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவியபோது கோப்பைகளை எண்ணினேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். அதனால் பின்பக்கக் காடு எங்களுக்கு மூன்றாவது அறை. மேலே சமதரை, அதற்கப்பால் ஓடை வரை சரிவு. சமதரை முழுக்க பீச் மரங்கள். சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாக, அடியில் மடிப்பு விழுந்து நிற்கும். நாங்கள் யானைக்கால் மரம் என்போம். மழை விட்டதும் அழுகிய இலையின் இனிப்பு வாசம் வரும். ஊர்க் கடிதங்களை அங்கே கொண்டுபோய்த்தான் உடைப்போம். 907ஆம் இலக்க வீட்டில் இருந்த புஷ்பம் அக்கா காலையில் அங்கே தனியாக நடப்பார். அவருடைய கணவர் கனகசபையை ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை.

"அறைக்குள்ள அழுதால் மற்றவையின்ர நித்திரை குழம்பும், தம்பி" என்றார் ஒருநாள், காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோல.

சமதரையில் கட்டடம் வரப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் மார்கரெட். எதிர்வீதியில் இருந்த வெள்ளைக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. காடு முழுவதையும் பொதுக்காடாக அறிவித்து யாரும் தொடாமல் வைக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அங்கே அதிகம் நடப்பது உங்கள் கட்டடத்து ஆட்கள்தானே, அவர்களுடைய கையெழுத்து வேண்டும் என்று ஒரு அட்டையை என்னிடம் தந்தார். மரங்களையும் எண்ணித் தரச் சொன்னார். கேட்க வேண்டுமா? இரண்டு சனிக்கிழமை, சோக்கட்டியால் அடையாளம் போட்டு எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு பீச்.

கையெழுத்து அவ்வளவு சுலபமாக இல்லை. பெயரையும் விலாசத்தையும் பட்டியலில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஊரில் படித்துவிட்டு வந்த சனம். பலருக்கு அகதி வழக்கு வேறு முடியவில்லை. கதவு திறக்கும், அட்டையைக் கண்டதும் பாதி மூடும்.

என்னோடு ஒரே அறையில் இருந்த தவம், "என்ர பேர் வேண்டாம் அண்ணை. சிற்றம்பலம் எண்டு போடுங்கோ. என்ர கணக்கு வாத்தி. எனக்கு அடிச்ச அடிக்கு மனுசனைப் பிடிச்சு உள்ள போடட்டும்" என்றான்.

அந்த யோசனை மாடி மாடியாகப் பரவிவிட்டது. மாமன், பக்கத்து வீட்டுக்காரர், செத்துப்போன கிராம விதானையார் எல்லாரும் எங்கள் காட்டுக்காகக் கையெழுத்து வைத்தார்கள். புஷ்பம் அக்கா கணவரின் பெயரை எழுதினார். "அவருக்கு இனி ஆர் என்ன செய்யிறது?" மொத்தம் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றோராவது என்னுடையது. சொந்தப் பெயர்தான், ஆனால் யாரும் வாசிக்க முடியாதபடி கிறுக்கியிருந்தேன்.

காட்டைப் பற்றி முடிவெடுக்க நகரசபை வைத்த கூட்டம் ஒரு மண்டபத்தில் நடந்தது. கட்டடம் கட்ட வந்தவர்களின் வழக்கறிஞர் எங்கள் தாள்களை மேசையில் பரப்பினார். இந்தப் பெயர்களில் யாரும் அந்த வீடுகளில் இல்லை, விசாரித்துவிட்டோம் என்றார். பிறகு, இவர்களில் யாராவது இங்கே இருந்தால் எழும்புங்கள் என்று பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். பின்வரிசைகளில் எங்கள் ஆட்கள் இருபத்தேழு பேர். ஒருவரும் அசையவில்லை.

"மிஸ்டர் கனகசபை, 907."

புஷ்பம் அக்கா எழும்பினார்.

"மிஸ்டர்?" என்றார் வழக்கறிஞர். முன்வரிசையில் சிரித்தார்கள். அக்கா நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கறிஞரும் பார்த்தார். இவற்றைச் சேர்த்தவர் நீங்கள்தானே, இவர்கள் உண்மையான ஆட்களா என்று கேட்டார்.

ஆட்கள் உண்மை, பயத்தில்தான் பெயரை மாற்றினார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் அகதி வழக்கு என்னாகும், மற்றவர்களுடையது என்னாகும் என்று ஓடிய மனம், காட்டுப் பக்கம் போகவே இல்லை.

"நான் எண்ணினது மட்டும்தான்" என்றேன், ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல்.

எங்கள் தாள்கள் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். கட்டடம் நிற்காத சரிவு மட்டும் பொதுக்காடாயிற்று. இன்று நான் நடப்பது அங்கேதான். சமதரை போயிற்று. கூட்டம் முடிந்து வந்து லிஃப்டில் அக்காவும் நானும் ஒன்றாக ஏறினோம். ஒன்பதாம் மாடியில் இறங்கும்போது, "நீங்கள் பாவம், தம்பி" என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அடுத்த வசந்தத்தில் ரெக்ஸ்டேல் பக்கம் போய்விட்டார். பிறகு காணவில்லை.

சமதரையில் இப்போது ஒரு பிளாசா. எங்கள் ஆட்களின் கடைகள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கார் விட இடம் கிடைக்காது. அக்கா எந்த வழியால் நடந்தார், கடிதம் உடைக்க நாங்கள் எந்த மரத்தடியில் இருந்தோம் என்று யாராவது கேட்டால், அந்தத் தார்த் தரையில் ஒரு மரம் நின்ற இடத்தைக்கூட என்னால் காட்ட முடியாது. நூற்று முப்பத்தெட்டு என்பது மட்டும் தெரியும்.