அப்பா சொன்ன ‘ம்’

பிரேக் மாஸ்டர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக்குகள் இருக்கும். ஓட்டப் பழகுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் ஒன்று. முதல் நாள் கை வெடவெடக்க ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களிடம், “பயப்படாதீங்க, உங்க உயிர் என் காலடியில பத்திரமா இருக்கு” என்பார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தொழில் காலோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் டிவியில் யாராவது கார் ஓட்டினால்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும். “மெல்ல மிதிங்க, கீழ் வீட்டுக்காரங்க தலையில இறங்கிடப் போறீங்க” என்பாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். அளந்து பேசுவாள், ஆனால் பேசுவது சுருக்கென்று இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று சொந்தபந்தமெல்லாம் முடிவுகட்டிய பிறகு பிறந்தவள். எந்நேரமும் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் சிட்டு என்று கூப்பிட்டார்கள். நான்காம் வகுப்பு படித்தாள்.

அவள் படிப்பு விஷயத்தில் பிரேக் மாஸ்டர் வைத்திருந்த வைராக்கியத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

அவருடைய அப்பா கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார். லாரி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார். மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. யாராவது கேட்டால், “அதெல்லாம் படிக்கிறான்” என்பார். கணக்கு புரியாமல், கேட்கவும் ஆளில்லாமல், மகன் ஒருநாள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். அப்பாவின் கண்ணில் அது படவே பல நாளாயிற்று. “என்னடா, லீவா?” என்றார். “ம்” என்றான் மகன். அந்த ஒரு ‘ம்’மோடு அவன் படிப்பு முடிந்தது. ஏன் என்று கேட்டு ஒரு அறை விட்டிருந்தால்கூட மறுநாள் போயிருப்பேன் என்று பிரேக் மாஸ்டர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால் மகள் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டார். அவர் எங்கே இருந்தாலும் சாயங்காலம் அவள் புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பார். அப்படியே இருந்தார். சாப்பாட்டு மேசையில் அவள் கணக்குப் போடுவாள், ஒட்டினாற்போல் நாற்காலியில் இவர். பென்சிலைத் தொடமாட்டார். விடை சொல்லமாட்டார். அவள் ஒவ்வொரு வரியாக எழுதி நிமிர்ந்து பார்ப்பாள். சரியாக இருந்தால் “ம்” என்பார். தப்பாக இருந்தால் பேசாமல் இருப்பார். அவள் அழித்துவிட்டு வேறு எழுதுவாள். “ம்” வரும். அடுத்த வரிக்குப் போவாள். வீட்டுப்பாடத்தில் ஒரு பிழை இருக்காது. பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறையும்.

அப்படிப்பட்டவரை வகுப்பு டீச்சர் வரச்சொன்னது இடி விழுந்த மாதிரி இருந்தது.

குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருந்தார். டீச்சர் மகளின் பரீட்சைத் தாளை அவர் முன்னால் வைத்தார். மேலே அழகான கையெழுத்தில் அவள் பெயர். முதல் கணக்கின் முதல் வரி. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று இருந்தது.

“எல்லாப் பரீட்சையிலும் இப்படித்தான் சார். ஆனா வீட்டுப்பாடம் மட்டும் தங்கமா வருது.” டீச்சர் தயங்கினார். “தப்பா நினைக்காதீங்க. வீட்டுப்பாடத்தை நீங்க எழுதிக் குடுக்கறீங்களா?”

“நான் பென்சிலைத் தொட்டதே இல்ல டீச்சர்.”

“நம்பறேன். ஆனா முழுப்பரீட்சையிலும் இப்படிக் குடுத்தா, அதே வகுப்புலதான் உக்கார வைக்கணும். கூடப் படிக்கிறதுங்க மேல போயிடும். அந்தப் பிஞ்சு மனசு தாங்குமான்னு யோசிங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குக் கண் எரிந்தது. அப்பா பக்கத்திலேயே இல்லாததால் என் படிப்பு போயிற்று; நான் பக்கத்திலேயே இருந்தும் இவள் படிப்பு ஏன் போகிறது? விடை தெரியவில்லை. தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.

குட்டு வெளிப்பட்டது ஒரு தொலைபேசி அழைப்பில்.

அவரிடம் வண்டி பழகும் நர்ஸம்மா ஒருத்தர் பேசினார். ரவுண்டானாவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று ஆரம்பித்து, பேச்சு நீண்டுகொண்டே போனது. சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பிரேக் மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். “ம்... ம்... ம்ம்... ம்.”

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், மகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பக்கத்தை முடித்திருந்தாள். ஏழெட்டு ஐம்பத்திநாலு. கழிக்கச் சொன்ன இடத்தில் கூட்டல். தலையும் இல்லை, வாலும் இல்லை.

“என்ன கண்ணு இது? ஏழெட்டு ஐம்பத்திநாலா?”

“நீங்கதானேப்பா ‘ம்’னு சொன்னீங்க.”

“அது போன்ல சொன்னது.”

“எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு ‘ம்’மும் ஒரே மாதிரிதான் கேக்குது.”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லவேளை, அந்த நர்ஸம்மா ரவுண்டானாவைச் சுத்தணுமா கூடாதான்னு கேக்கல” என்றாள். சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, பரீட்சைல இவளுக்கு யாரு ‘ம்’ சொல்லுவாங்க?”

பிரேக் மாஸ்டர் மகளைத் தன் பக்கம் திருப்பினார்.

“கண்ணு, பரீட்சைல கணக்கு தெரியாமலா எழுதல?”

“தெரியும்ப்பா.”

“அப்புறம் ஏன் எழுதல?”

“சரியா தப்பான்னு தெரியாம அடுத்த வரிக்கு எப்படிப் போறது?” என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அவர் எழுந்து முகம் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்தார். மனைவிக்குக் கேட்டது.

“வண்டியில வேலை முடிஞ்சா காலை அங்கேயே விட்டுட்டு வரணும். நீங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து அவ காலடியிலயும் ஒரு பிரேக் வெச்சுட்டீங்க” என்றாள், துண்டை நீட்டியபடி.

“எழுந்து போயிட்டா எனக்கும் எங்கப்பாவுக்கும் என்ன வித்தியாசம்?”

“உங்களை யாரு போகச் சொன்னா? அங்கேயே இருங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க.”

“‘ம்’ சொல்றதே வாயை மூடிக்கிட்டுத்தான்.”

மனைவி ஒரு நிமிஷம் யோசித்தாள். “அப்ப கைக்கு ஒரு வேலை தர்றேன்” என்றாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் சிட்டு மேசையில் கணக்குப் போட்டாள். அதே அறையில், சுவரைப் பார்த்தபடி பிரேக் மாஸ்டர் துணிகளுக்கு இஸ்திரி போட்டார். “எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கூப்பிடு. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம். அதுவரைக்கும் அப்பா இங்கேதான் நிப்பேன்” என்று சொல்லியிருந்தார்.

சொல்வது சுலபம். முதல் வரியை எழுதிவிட்டு அவள் அவர் முதுகைப் பார்த்தாள். முதுகு ‘ம்’ சொல்லவில்லை.

“அப்பா, சரியா?”

இஸ்திரிப் பெட்டி போய் வந்தது.

“அப்பா, என்மேல கோபமா?”

“இல்லடா கண்ணு.”

“அப்ப ஏன் ‘ம்’ சொல்ல மாட்டேங்கறீங்க?”

பெற்ற வயிறு பற்றி எரிவதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். தகப்பனுக்கும் ஒரு வயிறு உண்டு. அவர் ஒரே சட்டையை மறுபடி மறுபடி தேய்த்தார். மகள் மேசையில் தலை கவிழ்த்து அழுதாள். திரும்பி ஓடத் துடித்து அவர் வலது கால் தரையை அழுத்தியது. மனைவி அடுக்களை வாசலில் நின்று தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று.

மறுநாள் நோட்டு அந்த ஒரு வரியோடு பள்ளிக்கூடம் போனது. அடுத்த சில நாட்களும் அப்படித்தான். வீட்டிலிருந்த துணியெல்லாம் கத்திமுனை போல மடிப்போடு அடுக்கப்பட்டிருந்தது. திரைச்சீலை, தலையணை உறை, கரித்துணிவரை எதுவும் தப்பவில்லை. “இப்படியே போனா அடுத்து என்னையும் மடிச்சு அலமாரியில வெச்சுடுவீங்க” என்றாள் மனைவி. சிரிக்க அவருக்குத் தெம்பில்லை. முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம். மகளின் பள்ளிச்சட்டை பலகையில் கிடந்தது. பின்னால் பென்சில் உராயும் சத்தமும் முணுமுணுப்பும் கேட்டன.

“ஒம்பதேழு... அறுபத்தியொண்ணு.”

பிரேக் மாஸ்டரின் கை நின்றுவிட்டது. அறுபத்தியொன்று இல்லை, கண்ணு. நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லால் கடித்து நிறுத்தினார். திரும்பிவிடக் கூடாதென்று கழுத்தை விறைத்துக்கொண்டார். மூச்சைக்கூட விடவில்லை, அது ‘ம்’ மாதிரி கேட்டுவிடுமோ என்ற பயத்தில்.

“அறுபத்தியொண்ணு...” சத்தம் தயங்கியது. விரல்கள் மேசையில் தட்டி எண்ணின. “ஒம்பதாறு ஐம்பத்திநாலு. அதோட ஒம்பது...”

ரப்பர் தேய்க்கும் சத்தம்.

“அறுபத்திமூணு.” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, அவருடைய அதே தொனியில், அவளே சொல்லிக்கொண்டாள்: “ம்.”

பென்சில் அடுத்த வரிக்குப் போயிற்று.

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையெடுத்தபோதுதான் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. பள்ளிச்சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு, பழுப்பாக, முனை கூராகப் பதிந்திருந்தது.

“என்னங்க கருகுது?” என்று ஓடிவந்தாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். “போனாப் போகுது, விடுங்க. சட்டைதானே” என்றாள்.

அன்றைய பக்கத்தை மூவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஆங்காங்கே தப்புகள் இருந்தன. ஆனால் ஒரு வரிகூட வெறுமையாக இல்லை.

முழுப்பரீட்சை முடிந்ததும் டீச்சர் மறுபடி வரச்சொன்னார். அதே குட்டி நாற்காலி. பிரேக் மாஸ்டரின் வலது கால் தரையில் ஊன்றி நின்றது.

“பயப்படாதீங்க சார். அடுத்த வகுப்புக்குப் போறா. மார்க் முன் வரிசைல இல்ல. ஆனா தாள் முழுக்க எழுதியிருக்கா. தப்பான கணக்கைக்கூடக் கடைசிவரைக்கும் விடாமப் போட்டிருக்கா.” டீச்சர் சிரித்தார். “சட்டையில அது என்ன கறைன்னு கேட்டேன். ‘நான் சரியாச் சொன்னப்ப வந்தது’ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. ஒரே ஒரு புகார் மட்டும் இருக்கு.”

“என்ன டீச்சர்?”

“பரீட்சை எழுதறப்ப சும்மா இருக்க மாட்டேங்கறா. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் தனக்குத்தானே ‘ம்’, ‘ம்’னு சொல்லிக்கிறா. பக்கத்துப் பிள்ளைங்களுக்குத் தொந்தரவா இருக்கு. கொஞ்சம் மனசுக்குள்ளயே சொல்லிக்கச் சொல்றீங்களா?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சன்னலுக்கு வெளியே, முதுகில் அந்தப் பழுப்பு அச்சோடு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் அவர் மகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

“சார்? சொல்றீங்கதானே?”

“ம்” என்றார் பிரேக் மாஸ்டர்.