பதினொன்றும் பதினொன்றும்

முப்பத்தொரு வருடம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ஹைதராபாத் குஷாய்குடாவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் மின்னணுத் தொழிற்சாலை அது. என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் திமிர் போகவில்லை. மிக்ஸி வாங்கினால்கூடப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு உளுந்து போட்டு அரைத்துப் பார்ப்பேன். வீட்டில் யாரும் என்னோடு வாதம் செய்வதில்லை.

என் மருமகள் கட்டடங்களைக் கணினியில் வரைபவள். இன்னும் கட்டாத வீட்டுக்குள் நாம் நடந்து போவதுபோலக் காட்டுவாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள், மூன்று வருடம் ஓடிவிட்டது. எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரு நிறுவனம் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை மாதிரிக்குச் செய்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை. வீட்டுக் கணினியில் இருந்ததோ என் மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. மரமும் கண்ணாடியும் அதிகமானால் படம் திக்கித் திக்கி நகரும். அதனால் புதுக் கார்டு ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருந்தாள். அது வந்த அன்று அவள் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காகக் குழந்தையோடு விஜயவாடா போயிருந்தாள்.

புனேயில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தான். "அம்மா, ஒரு வாரத்துக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம். பழசுக்கும் இதுக்கும் நிஜமாவே வித்தியாசம் இருக்கான்னு நீயே டெஸ்ட் பண்ணிச் சொல்லேன்."

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. உடம்பின் நிலைமின்சாரம் கார்டைக் கெடுக்காதபடி மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டேன். ஆமாம், அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேசையில் துணி விரித்து, மகன் போனில் சொல்லச் சொல்ல வேலையை ஆரம்பித்தேன். முதலில் பழைய கார்டு, பிறகு புதியது. இரண்டுக்கும் ஒரே படம், மருமகள் பாதி முடித்து வைத்திருந்த அந்தக் குடியிருப்பு. திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பதை மூலையில் ஒரு எண் காட்டும். அதுதான் ரீடிங்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே அனுப்ப வேண்டிய பெட்டியின் சாக்கெட்டில் சோதனைக் கேபிளை நேராகச் செருக மாட்டோம். செருகிச் செருகி எடுத்தால் உள்ளே தேய்ந்துவிடும். நடுவில் வேறொரு இணைப்பு வைத்து அதில்தான் செருகுவோம். இந்தக் கார்டும் திரும்பிப் போகலாம் அல்லவா? அதன் சாக்கெட்டில் ஒரு கீறல் விழக் கூடாது. பார்த்தால், கணினிப் பெட்டியின் பின்புறம் கொஞ்சம் மேலே அதே மாதிரி இன்னொரு சாக்கெட் காலியாக இருந்தது. திரையின் கேபிளை அதில் செருகினேன். படம் வந்தது. இரண்டு சோதனைக்கும் அந்தக் கேபிளைத் தொடவே இல்லை.

பழையது பதினொன்று. புதியதும் பதினொன்று. மூன்று முறை எடுத்தேன், மாறவில்லை. கோடு போட்ட தாளில் அறிக்கை எழுதி, 'வித்தியாசம் இல்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டு மகனுக்கு அனுப்பினேன். அவன் ஏற்பாடு செய்தபடி மறுநாள் கூரியர்காரர் வந்து புதுக் கார்டை எடுத்துப் போனார்.

சனிக்கிழமை மருமகள் வந்தாள். விஷயத்தைச் சொல்லி அறிக்கையைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"பதினொண்ணா? பழசுலயே எனக்கு இருபத்தாறு வருமே அத்தை." கணினிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். "கேபிள் ஏன் மேல இருக்கு?"

நான் பெருமையாக விளக்கினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது மதர்போர்டோட சாக்கெட் அத்தை. கீழ இருக்கறதுதான் கார்டோடது. மேல போட்டா மதர்போர்டே படத்தை வரையும், கார்டுக்கு வேலையே இருக்காது. நீங்க ரெண்டையும் டெஸ்டே பண்ணல."

இரண்டு பொருள் அச்சு அசலாக ஒரே ரீடிங் காட்டினால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பழையதே போதும் என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே தீர்மானித்திருந்தேன், அதுதான் நிஜம்.

மறுபடி ஆர்டர் போடலாம் என்றால் அந்தக் கார்டு உடனே கிடைக்கவில்லை. நிறுவனம் கெடுவை நீட்டவில்லை. பழைய கார்டிலேயே முடித்து, அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டினாள். வாசல் மரங்களுக்கு நடுவே படம் திக்கியது. வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

"யானைக்கும் அடி சறுக்கும்மா, விடு" என்றான் மகன். எனக்குக் கோபம்தான் வந்தது. யானை சறுக்கினால் யானைதானே விழும்? இங்கே விழுந்தது அவள்.

அவள் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்று சாப்பிட்டிருப்பேன். தொழிற்சாலையில் அறிக்கை தவறானால் குறுக்கே கோடு போட்டு, எழுதியவரே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்தேன். 'இது செல்லாது. கார்டில் குறையில்லை. சோதித்தவர் தவறு.' அதை அவளிடம் நீட்டி, "ஒரு போன் போட்டு உன்னைக் கேட்டிருக்கணும்மா. எனக்குத் தோணவே இல்ல" என்றேன்.

"ஹவ் அத்தை" என்று ஹைதராபாத் பாணியில் ஆமோதித்தாள், கண் கலங்கி. "அதுதான் கஷ்டமா இருந்துச்சு. கேபிள் இல்ல."

இரண்டு மாதம் கழித்து வேறொரு நிறுவனம் மாதிரி வேலை கேட்டது. அதற்குள் புதுக் கார்டும் மறுபடி வந்துவிட்டது. இந்த முறை அவளே மாட்டினாள். கேபிளை என் கையில் கொடுத்து, "கீழ, அத்தை" என்று மட்டும் சொன்னாள். செருகினேன். மரங்களுக்கு நடுவே படம் வழுக்கிக்கொண்டு போனது. மூலையில் தொண்ணூற்று நான்கு.

அந்த நேரம் பார்த்து மகன் என் போனில் கூப்பிட்டான். "எப்படிம்மா இருக்கு? வச்சுக்கலாமா?"

"என்னை ஏன்டா கேக்கறே? கார்டு அவளோடது, அவளைக் கேளு." போனை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். "வச்சுக்கலாம். ஆனா இரு, அத்தை இன்னும் ரெண்டு ரீடிங் எடுக்கணும்."

நான் பென்சிலைத் தேடி எடுத்தேன்.