சொன்னால் பொல்லாப்பு: ஊருக்கு யோசனை சொன்ன இருபத்தாறு வருஷம்

பத்திரிகையில் பத்தி எழுதுவது என்பது, யாரும் கேட்காத யோசனையை ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே ஊருக்குள் பால் வாங்கப் போகிற தொழில்.

வீட்டில் நீங்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லையா? "அந்தக் காலத்துல" என்று நீங்கள் ஆரம்பித்ததும் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி. எனக்குக் கிடைத்த ஒரே வசதி, அதையெல்லாம் கொட்டித் தீர்க்க ஒரு நாளிதழின் திருவண்ணாமலைப் பதிப்பில் வாரம் அரைப் பக்கம் கொடுத்ததுதான். பத்தியின் பெயர் 'சொன்னால் பொல்லாப்பு'. குடும்பம், கோயில், பெரியவர்களுக்கு மரியாதை, பழைய பழக்கவழக்கம், இவைதான் என் சரக்கு. பழமைவாதி என்று சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. அந்த வேலையில் வாங்கிக் கட்டிக்கொண்டதில் சிலதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கேக்கில் ஆரம்பித்தது

நான் எழுத்தாளனாக வேலைக்குச் சேரவில்லை. பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வார ராசிபலன் வந்து சேரவில்லை. எழுதுகிறவருக்குக் காய்ச்சல். அரைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பொறுப்பாசிரியர் என்னைப் பார்த்து, "ஊர்ல இருக்கிறவன் தப்பையெல்லாம் திருத்தறியே, நீயே எதையாவது எழுதி ரொப்புய்யா" என்றார். முந்தின நாள் பக்கத்து வீட்டில் ஒரு பிறந்தநாள். கேக்கை எடுத்துக் குழந்தையின் தாத்தா முகத்தில் அப்பினார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் சொன்னது இது: "ராசிபலன் வரலியேன்னு ஒருத்தர்கூட கேக்கலய்யா. இனிமே கிரகங்க பண்ற வேலையை நீயே பண்ணு."

மத்தியானக் கிரிவலம்

கிரிவலம் என்றால் நடப்பது என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஆட்டோவில் உட்கார்ந்து சுற்றுவது மலையைச் சுற்றிப் பார்ப்பதாகுமே தவிர வலம் வருவது ஆகாது என்று அடித்துச் சொன்னேன். நல்ல வரவேற்பு. இரண்டு வருஷம் கழித்து என் வலது முட்டி மடங்க மறுத்தது. பதினாலு கிலோமீட்டரை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். மனசு கேட்கவில்லை. "ஆட்டோல போய்ட்டு வாங்களேன், யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் என் மனைவி விஜயா.

சித்திரை மாத வெயிலில், ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு, ரோட்டில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து ஆட்டோ பிடித்தேன். தலையோடு சேர்த்து முகத்தை மூடித் துண்டு. ஒவ்வொரு லிங்கத்துக்கும் நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டேன். அடி அண்ணாமலை தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "துண்ட எடுத்துடுங்க சார், வேர்க்குது பாருங்க. நீங்க எழுதுனதுலருந்து பௌர்ணமி சவாரி கம்மியாயிடுச்சு, ஆனா மத்தியான சவாரி ஜாஸ்தி. எல்லாரும் உங்கள மாதிரி மூஞ்ச மூடிக்கினுதான் வராங்க."

யார் வெளிநாடு?

இப்போது என் பத்தியின் மேலே இருக்கும் படத்தில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக இருப்பேன். முன்பு இருந்த படம் வேறு. மச்சினன் கல்யாணத்தில் எடுத்தது, கோட்டு, டை எல்லாம் போட்டது. அதை மாற்றக் காரணம் ஒரு வெள்ளைக்கார அம்மா.

செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கத்துக் காபிக் கடைகளில் உட்கார்ந்திருக்கிற வெளிநாட்டவர்கள் அரைகுறையாக உடுத்துகிறார்கள், நம் பண்பாடு என்ன ஆவது என்று எழுதியிருந்தேன். அடுத்த வாரம் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா பழைய சைக்கிளில் ஆபீசுக்கு வந்து இறங்கினார். நூல் புடவை, நெற்றியில் குங்குமம், கொண்டையில் ஒரு முழம் மல்லி. பேப்பரை என் மேஜைமேல் விரித்து, நான் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தார். தடுக்கின இடத்தில் நான் எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. என் வசவை நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கோபமே இல்லை அவரிடம். படித்து முடித்து, படத்தின்மேல் விரலை வைத்தார். "நான் பதினெட்டு வருஷமா புடவை கட்டறேன். நீங்க கோட்டு, டை. நம்ம ரெண்டு பேர்ல யாரு சார் வெளிநாடு?"

ஒரு ரசிகர்

எதிர்ப்பவர்களைச் சமாளித்துவிடலாம். ரசிகர்கள்தான் கஷ்டம். வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த ஒருவர், என் கட்டுரைகளை வெட்டி ஒட்டின நோட்டுடன் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஸ்கூட்டரில் போகிறாள், நேரங்காலம் இல்லாமல் வருகிறாள், இதைப் பற்றி எழுதவேண்டும் என்றார். பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று விசாரித்தேன். ஆஸ்பத்திரியில் வேலையாம். அப்படியானால் நேரங்காலம் இல்லாமல்தானே வரவேண்டும் என்றேன். நோட்டை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்: "சரி, பண்பாட்டைப் பத்தி எழுதுங்க. அப்படியே கடைசியில, எங்க பக்கம் ரெண்டடி தள்ளிக் கட்டுன செவுத்தையும் சேத்துடுங்க சார்."

புதன்கிழமைக் கார்டு

துரைக்கண்ணு என்று ஒருவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அவரிடமிருந்து ஒரு கார்டு வரும். 'மதிப்பிற்குரிய பிற்போக்காளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதை வரிவரியாக மறுத்திருப்பார். நேரில் பார்த்ததே இல்லை. ஒரு புதன்கிழமை கார்டு வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. எனக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கார்டில் இருந்த விலாசத்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கவாதம் வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள் பக்கத்து வீட்டில்.

வார்டில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பத்து நாளாகப் பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை என்று மகன் சொன்னான். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த பேப்பரை விரித்து, கூட்டுக்குடும்பத்தைப் பற்றி நான் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். ஒரே வீட்டில் ஒரே அடுப்புதான் இருக்கவேண்டும் என்ற மூன்றாவது பாராவில் கட்டில் ஆடியது. தலையை மெல்லத் திருப்பினார். வாய் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, "தப்பு" என்றார். மகன் அங்கேயே அழுதுவிட்டான். மூன்று மாதம் கழித்துக் கோணல் எழுத்தில் கார்டு மறுபடி வர ஆரம்பித்தது. அவர் வாய் திறந்த அன்றைக்கு டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் அம்மா எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மருந்து மூணு வேளை குடுக்கறோம் சார். நீங்களும் மூணு வேளை வந்து இதைப் படிச்சிட்டுப் போங்க."

ஒரு வேளைச் சோறு

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதையெல்லாம் சொன்னதற்கு அர்த்தமில்லை.

புருஷனிடம் கோபித்துக்கொண்டு பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், பெற்றவர்களும் வைத்துக்கொண்டு சீராட்டுகிறார்கள், அதனால்தான் குடும்பங்கள் உடைகின்றன என்று எழுதினேன். 'ஒரு வேளை சோறு போடுங்கள், அன்றைக்கே பஸ் ஏற்றி விடுங்கள்' என்று முடித்திருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கலைவாணி என்று பெயர் சொன்னாள். செங்கம் பக்கத்துக் கிராமம், பி.எஸ்சி. படித்தவள். பையிலிருந்து என் கட்டுரையை எடுத்து வைத்தாள். லேமினேட் செய்திருந்தது, மேலே ஆணியில் மாட்ட ஓட்டை.

"எங்கப்பா இதைக் காலண்டர் பக்கத்துல மாட்டி வெச்சிருந்தாரு, கடைசியா வந்தப்ப கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். நான் மூணு தடவ வீட்டுக்கு வந்தேன் சார். மூணு தடவையும் இதுல இருக்கிற மாதிரியே பண்ணாரு. சோறு போட்டாரு, பஸ் ஏத்திட்டாரு."

புடவைத் தலைப்பை விலக்கி இடது மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இரண்டாவது தடவை பஸ் ஏறித் திரும்பிப் போனபோது புருஷன் உடைத்ததாம்.

"நான் பொதுவா எழுதினதும்மா" என்றேன்.

"பொதுவா யாரு சார் வந்து நின்னாங்க? நான்தான் நின்னேன்."

நாலாவது தடவை அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. டவுனில் ஒரு தோழியின் அறையில் தங்கியிருந்தாள். என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. அட்டையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை. விஜயாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவங்க அப்பா யார் சொன்னா கேப்பாரு?" என்று மட்டும் கேட்டாள். யார் சொன்னால் கேட்பார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறுநாள் காலை இருவரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொண்டுவரச் சொன்னார். இவ்வளவு மரியாதை எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. அட்டையை அவர் கையில் கொடுத்து, உங்கள் பெண் என்னிடம் வந்தாள் என்று சொல்லி, மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. வழுக்கி விழுந்துவிட்டதாகத்தான் அவள் போனில் சொல்லியிருக்கிறாள்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க எழுதுனது பொய்ங்களா?" என்றார்.

"பொய்யில்லீங்க. உங்க பொண்ண மாதிரி ஒருத்தியப் பாக்காம எழுதுனது. தப்பு."

அவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. அன்று சாயந்திரமே தோழியின் அறைக்குப் போய் அவர் பெண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 'நான் எழுதியது தப்பு' என்று தலைப்பு வைத்து, அடிக்கிற வீட்டுக்குப் பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று எழுதினேன். பழைய வாசகர்கள் பலர் என்னைக் கைகழுவினார்கள். குடும்பம் வேண்டும் என்ற என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அவர்களுக்கு அது புரியவில்லை. கலைவாணி விவாகரத்து வாங்கினாள். இப்போது ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் சொல்லிக் கொடுக்கிறாள். வேலை கிடைத்த அன்று ஸ்வீட் கொடுக்க வந்தவளிடம், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சிரித்தாள். "பழசைத் தூக்கிப் போட்டுட்டாரு சார். நீங்க புதுசா எழுதுனத லேமினேட் பண்ணி அதே ஆணியில மாட்டியிருக்காரு. எனக்கு அதுவும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, பாத்து எழுதுங்க."

நியாயம் ஜாஸ்தி

அதற்குப் பிறகு எதை எழுதினாலும், அது யார் வீட்டில் யார் தலையில் விழும் என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதனால் வேறு சங்கடம். இப்போது ஞாயிறு பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நந்தினி என்ற பெண். என் பத்தியை எத்தனை பேர் போனில் படித்தார்கள், எங்கே படிப்பதை நிறுத்தினார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். போன வாரம் அவள் என்னை உட்கார வைத்து, மிகவும் மரியாதையாக, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "சார், நீங்க இப்பல்லாம் ரொம்ப நியாயமா எழுதறீங்க. இந்த வாரம் மட்டும் கொஞ்சம் யோசிக்காம எழுதிக் குடுங்களேன்."

ஊரைத் திருத்துகிறேன் என்று உட்கார்ந்த இருபத்தாறு வருஷத்தில் திருந்தினது மொத்தம் ஒரே ஒரு ஆள், அவரும் இன்னும் முழுசாகத் திருந்தவில்லை என்கிறாள் விஜயா.