பாலாமணி எடுத்த லீவு

கணவன் காளிமுத்துவைக் காட்டெருமை முட்டிக் கொன்ற ஐந்தாம் நாளே, பாலாமணி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பிவிட்டாள்.

"ஏனக்கா, லீவு இன்னும் இருக்குதுங்களே?" என்றார் கட்டபெட்டு எஸ்டேட் சூப்பர்வைசர் எல்லப்பன்.

"ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கச் சொல்றீங்களா? கை வேலையா இருந்தாத்தானுங்க மூச்சு உட முடியுது."

அன்று எடை போட்டபோது அவள் கூடையே கனம். தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் அவள் தைரியத்தை மெச்சினார்கள். மகள் கலைமதியும் அழவில்லை. பத்தாம் நாள் பிளஸ் டூ பரீட்சைக்குப் போய் நல்ல மார்க் வாங்கினாள். தன்னைப் போலவே மகள் என்று பாலாமணிக்கு உள்ளூரப் பெருமை.

மூன்று வருடம் கழித்துக் கோவை கல்லூரி விடுதியிலிருந்து போன் வந்தது. கலைமதி இரண்டு வாரமாக வகுப்புக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அழைத்துவந்த பிறகும் படுத்தே கிடந்தாள். பாலாமணி தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தாள். எல்லப்பனிடம் சொல்லிவிட்டு, தன் பழைய படங்கை மகள் இடுப்பில் கட்டித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

"கை ஓடட்டும் கண்ணு. எல்லாஞ் சரியாப் போயிரும்."

காலை முழுக்க, திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கலைமதியின் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. டீ குடிக்கக் கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது, அவள் ஒரே செடியிடம் நின்றிருக்கிறாள். அதில் கொழுந்தும் இல்லை, முற்றிய இலையும் இல்லை, வெறும் குச்சிகள். விரல் நுனிகளில் ரத்தம்.

"புள்ள ஆட்டுக்குத் தழை ஒடிக்குதாட்ட இருக்குது!" அடுத்த வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பாலாமணி அந்தக் கையைப் பிடித்தாள். "என்னடி சாமி இது? எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"அப்பா செத்தன்னிக்கு நீ அழுகறயான்னு பாத்துட்டே இருந்தேன்மா. நீ அழுதா நானும் அழுகலாம்னு." கலைமதி மொட்டைச் செடியைப் பார்த்தபடி சொன்னாள். "நீ கூடைய எடுத்துட்டுப் போயிட்ட."

பாலாமணி முந்தானையால் அந்த விரல்களைத் துடைத்தாள். கண்ணீர் வரவில்லை.

மறுநாள் லீவு போட்டாள். ஊட்டி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் என்ன கேட்டும் கலைமதி வாய் திறக்கவில்லை. அவர் தாயைப் பார்த்தார்.

"நீங்க எப்படி இருக்கீங்கம்மா?"

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கலைமதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாலாமணியின் விரல்கள் ஆஸ்பத்திரிச் சீட்டின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தன. அவற்றை மடக்கி மடியில் வைத்தாள்.

"இல்லீங்க" என்றாள். "மூணு வருசமாத் தூக்கமில்லீங்க. படுத்தா அந்த மனுசன் செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டுட்டே இருக்குது."

சுவரைப் பார்த்திருந்த முகம் மெல்லத் திரும்பியது.

"எனக்கும் கேக்குதும்மா."