ஐம்பத்திரண்டைக் கழித்து

அந்த மிருக டாக்டரின் கிளினிக்கில் அப்போது இருந்தது மனிதர்களுக்கான எடை மெஷின். கீழே இரும்புத் தட்டு, நெஞ்சுயரத்துக்கு ஒரு கம்பம், மேலே குறுக்காக ஒரு சட்டம், சட்டத்தில் நகர்த்துகிற குண்டு. ஏதோ ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று தள்ளியதை டாக்டர் வாங்கிப் போட்டிருந்தார். பூனைகளால் தொல்லையில்லை. கூடையில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டிவிடலாம். நாய்தான் அந்தத் தட்டில் நிற்காது. தட்டு லேசாக ஆடும், ஆடினால் நாய் குதிக்கும், குதித்தால் குண்டு எகிறும். ஆகவே உதவிக்கு இருந்த அவள் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பாள். வந்த எடையில் அவள் எடையைக் கழித்தால் மிச்சம் நாய்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் அவளை வெறுங்கையோடு ஏற்றிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, 52 என்று பெரிதாக எழுதி, மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அவளுக்கு உயிரே போனது. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற சுவரில் ஒரு பெண்ணின் எடையா? கொஞ்ச நாள் அதை முதுகால் மறைத்துக்கொண்டே நின்றாள்.

"நகரும்மா, நம்பர் தெரியல" என்பார் டாக்டர்.

போகப் போகப் பழகிவிட்டது. தெருவில் அவளுக்குத் 'தராசு' என்றே பேர் விழுந்தது. "தராசு வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் நாய்க்காரர்கள் உள்ளே வருவார்கள்.

இப்போது அங்கே தரையோடு தரையாக ஒரு தட்டு மெஷின் வந்துவிட்டது. நாய் தானாக ஏறி நிற்கிறது, சிவப்பு எழுத்தில் எண் எரிகிறது. வசதிதான். ஆனால் தூக்கியபோது கிடைத்தது அதில் கிடைக்காது. பயந்த நாய் மூக்கைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் புதைத்துக்கொள்ளும். அதன் நெஞ்சு அவள் விலாவில் தடதடவென்று அடிக்கும். குண்டை நகர்த்தி முடிப்பதற்குள் அந்த அடி கொஞ்சம் நிதானப்படும். அவள் அதிகம் பேசாதவள். பேசாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நிற்பது நாய்களுக்கும் பிடித்திருந்தது போல.

டாக்டருக்கு உலகத்தோடு ஒரே ஒரு சண்டைதான் இருந்தது. குண்டு நாய்.

"என்ன குடுக்கறீங்க?" என்று கேட்பார்.

"ஒண்ணுமே குடுக்கறதில்ல டாக்டர். காத்தைக் குடிச்சே பெருக்குது" என்பாள் பள்ளிக்கூட டீச்சர்.

"அப்ப உங்க வீட்டுக் காத்துல வெண்ணெய் இருக்குது. மொதல்ல ஜன்னலைச் சாத்துங்க."

அந்த வருஷம் அவர் ஒரு திட்டம் போட்டார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தகர டம்ளர். உள்ளே ஆணியால் ஒரு கோடு கீறிக் கொடுத்தார். ஒரு வேளைக்கு அந்தக் கோடு வரைக்கும்தான் தீனி. பிஸ்கட் கொடுத்தால் டம்ளரில் அந்த அளவு குறைய வேண்டும். கெஞ்சினால் ஒரு துண்டு கேரட். காலையும் மாலையும் நடை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எடை. "விலாவைத் தடவினா எலும்பு கைக்குத் தெரியணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான் மருத்துவம்" என்பார்.

அந்தத் திட்டத்தில் முதல் ஆளாகச் சேர்ந்தவர் எதிர்ச்சாரியில் இருந்த டெய்லர். மனைவியை இழந்த மனிதர். அவருடைய நாய்க்குப் பேர் பட்டன். குட்டியாக இருந்தபோது ஒரு கோட்டுப் பட்டனை முழுங்கி வைத்து, இரண்டு நாள் வீட்டையே கலங்கடித்ததால் வந்த பேர். இப்போது அதற்கு வயது எட்டு, எடை இருபத்திரண்டு. பின்னங்காலில் முட்டிக்குள் ஜவ்வு அறுந்து மூன்று காலில் நொண்டியது. ஆபரேஷன் செய்தால் நடக்கும். ஆனால் டாக்டர் கத்தியைத் தொட மறுத்துவிட்டார்.

"இந்தக் கொழுப்போட மயக்க மருந்து குடுத்தா மூச்சு தாங்குமான்னு தெரியாது. கால் தச்சாலும் இந்தப் பாரத்துல மறுபடி அறுந்துரும். பதினேழுக்குக் கொண்டு வாங்க, அன்னிக்கே செய்யறேன்."

டெய்லர் தலையாட்டினார். ராத்திரியெல்லாம் அது காலை நக்கிக்கொண்டு முனகுகிறது என்றார்.

பட்டன் இளைத்தது. பதினைந்து நாளில் இருபத்தொன்றே கால். ஒரு மாதத்தில் இருபத்தொன்று. அப்புறம் இருபது, பத்தொன்பது. டீச்சரின் நாயும் இளைத்தது. பேக்கரிக்காரரின் நாய்கூட, பேக்கரியிலேயே படுத்துக்கிடக்கிற நாய், இளைத்தது. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பெரிய காகிதத்தில் எல்லா நாய்க்கும் கலர் கலராகக் கோடு போட்டு வெளி அறையில் ஒட்டினார். எல்லாக் கோடும் ஒன்றுபோலக் கீழே சரிந்தன.

அவளுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பட்டன் பத்தொன்பதாகியும் கைக்கு இருபத்திரண்டாகவே கனத்தது. மற்ற நாய்களும் அப்படித்தான். தன் கைக்குத்தான் வலு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவளுடையது அவளும் தங்கையும் மட்டுமாக இருந்த வீடு. தங்கை கல்யாணமாகிப் போய் நாலு மாதம். இருவர் இருந்தபோது சண்டை போட்டுக்கொண்டாவது சமைத்தார்கள். ஒரு ஆளுக்கு என்ன அடுப்பு என்று இப்போது டீயும் ரொட்டியுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை என்று சொல்லவும் முடியாது, சாப்பிட்டாள் என்றும் சொல்ல முடியாது.

ஒரு புதன்கிழமை டெய்லர் பட்டனோடு வந்தார். அவள் தூக்கிக்கொண்டு தட்டில் ஏறினாள். டாக்டர் குண்டை நகர்த்தினார். சட்டம் ஆடி நின்றது.

"அறுபத்தொம்பது. அம்பத்திரண்டு போக..." என்று இழுத்தவர், "பதினேழு!" என்று கத்தினார். "டெய்லரே, சாதிச்சுட்டீங்க. வெள்ளிக்கிழமை காலைல வயித்தைக் காலியா வச்சுக் கூட்டிட்டு வாங்க."

டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சந்தோஷத்தில் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாதவர் போல அவளைப் பார்த்தார். தொழில் புத்தி வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, வெள்ளைக் கோட்டு இப்படித் தொங்குது? நான் தச்சதுதானே?"

"ஆமாண்ணே. துவைச்சுத் துவைச்சு லூசாயிடுச்சு."

"துணி துவைச்சா சுருங்கும், வளராது. தோள்ல ரெண்டு விரல் எறங்கியிருக்கு. ஆளு இளைச்சுட்ட. கொண்டா, உள்ள புடிச்சுத் தரேன்."

அவள் சிரித்துவைத்தாள். பட்டனை இறக்கும்போது விரல்கள் அதன் விலாப் பக்கம் வழுக்கிக்கொண்டு போயின. எலும்பு எங்கேயும் தட்டுப்படவில்லை. பஞ்சுத் தலையணையைத் தடவுவது போல இருந்தது. பக்கத்தில் சுவரில் அந்த வெள்ளைத் துண்டு, ஓரம் மஞ்சளாகி, 52 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மதியம் டாக்டர் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்தினாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கையில் எதுவும் இல்லாமல் தட்டில் ஏறினாள். குண்டை ஐம்பத்திரண்டில் வைத்தாள். சட்டம் தலை தொங்கிக் கிடந்தது. ஒவ்வொரு கோடாகப் பின்னால் தள்ளினாள். நாற்பத்தெட்டில் நின்றது.

அப்படியானால் பட்டன் இருபத்தொன்று. நாலு மாதத்தில் அது இழந்தது ஒரே கிலோ. மயக்க மருந்தை டாக்டர் எடைக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டுத்தான் ஊசியில் ஏற்றுவார். வெள்ளிக்கிழமை தப்பான கணக்கோடு அந்தக் கொழுத்த உடம்பு மேஜையில் கிடக்கும். சொல்லவில்லையென்றால் நாய் பிழைக்குமோ என்னவோ. சொன்னால் டாக்டரின் கலர் கோடுகள், டெய்லரின் கண்ணீர், நாய்க்காரர்கள் முகம் எல்லாம் அவள் தலையில். எல்லாரும் கூடி நின்று அவள் உடம்பைப் பற்றிப் பேசுவார்கள்.

மறுநாள் காலை டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் மூன்று முறை வாயைத் திறந்தாள். பேசாமல் போய் மெஷினில் ஏறி நின்றாள்.

"என்னம்மா, நாய் எங்க?"

"நாய் இல்ல டாக்டர். நான் மட்டும்தான். பாருங்க."

துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். குண்டை நகர்த்தினார். ஒரு தடவை பார்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, வெளி அறைச் சுவரில் சரிந்துகொண்டிருந்த அத்தனை கோடுகளையும் பார்த்தார்.

"அப்ப நாலு மாசமா இளைச்சது நீயா?"

அவள் மெஷினிலிருந்து இறங்கினாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே! பாவி, நேத்து ஃபோன்ல என் மச்சினன்கிட்டகூடப் பீத்திக்கிட்டேன்." கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "தப்பு உன்னோடது இல்ல. எட்டு வருஷத்துக்கு முந்தி ஒட்டின நம்பரை நம்பிக்கிட்டு, கையால விலாவைத் தடவிப் பாக்காம விட்டேன் பாரு, அது என் தப்பு." அவளை ஏற இறங்கப் பார்த்து, "சாப்பிடறியாம்மா?" என்றார்.

"ஏதோ..."

"ஏதோன்னு ஒரு சாப்பாடு கிடையாது."

டெய்லரிடம் அவளேதான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. சொல்லி முடித்த பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தார். துணி தீர்ந்து ஊசி வெறுமனே குத்திக்கொண்டிருந்தது.

"அப்ப நாளைக்கு இல்ல."

"இல்லண்ணே."

"அதுக்கு வலிக்குதே."

பட்டன் மேஜையடியில் படுத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. டெய்லர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார். குனிந்து நாயின் நெஞ்சைச் சுற்றி அளந்தார்.

"தெருவுல போறவன் இடுப்பை இங்கருந்தே சொல்வேன். இதை நாலு மாசமா நான் பாக்கலையே." பிறகு குரல் இறங்கியது. "எடைதான் குறையுதேன்னு, நான் சாப்பிடும்போது ஒரு வாய் குடுப்பேன். இதோட மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படித் திங்கறது? தினம் ஒரு வாய்தான்." பட்டன் வாலை ஆட்டியது. "சரி, மூணு."

அதோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சனிக்கிழமை எடைக்கு வந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முதல் புது முறை. முதலில் அவள் தனியாக ஏற வேண்டும், அப்புறம் நாயோடு. அட்டையில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். சுவரிலிருந்த பிளாஸ்திரியை டாக்டரே உரித்துப் போட்டார். பெயிண்டும் கூடவே வந்தது. டீச்சரிடமும் பேக்கரிக்காரரிடமும் அவரே ஃபோனில் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டார்.

அவளுக்கும் ஒரு உத்தரவு போட்டார். மதியச் சாப்பாடு கிளினிக்கில், அவர் கண் முன்னால். அதற்காகவே வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்தது. இரண்டாவது மாதத்தில், அட்டையை எட்டிப் பார்த்த டெய்லர் தன்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"பரவால்லையே, நீ ஏறியிருக்க. இவன் எறங்கியிருக்கான்."

"அரைக் கிலோதாண்ணே."

"அரைக் கிலோன்னா சும்மாவா? எனக்கு இவன்கூட ஒரு யுத்தமே நடக்குது வீட்டுல. இப்பல்லாம் நான் கதவைச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடறேன், திருடன் மாதிரி."

ஐந்து மாதம் பிடித்தது. பதினேழு வரை போகவில்லை. பதினெட்டில் டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்து, போதும் என்றார். ஆபரேஷன் அன்று காலை அவள் தனியாக ஏறினாள், ஐம்பத்தொன்று. பட்டனோடு ஏறினாள், அறுபத்தொன்பது. டாக்டர் இரண்டு தடவை கழித்துப் பார்த்து, ஊசியில் மருந்தை ஏற்றினார். மருந்து ஏறும் வரை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளி அறையில் டெய்லர் அளவு நாடாவைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் கதவைத் திறந்ததும் எழுந்தார். எழுந்தவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"முழிச்சிருச்சுண்ணே" என்றாள். "உங்களைத்தான் தேடுது."

பட்டன் அதற்குப் பிறகு நாலு வருஷம் நடந்தது. காலையில் கிளினிக் வாசலை அவள் பெருக்கும் நேரத்துக்கு டெய்லர் அதைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வருவார். அவசரமே இல்லாத நடை. அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, அதன் நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் பதிவதை, தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.