பன்னிரண்டு பிடிப் பன்றி

எங்கள் வொக்கா மலையில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சான்றிதழ் வாங்கிய முட்டாள் ஒருவன்தான்: என் பக்கத்து வீட்டு லிபெமோ.

ஜனவரியில் பன்றித் தீவனம் பற்றி இரண்டு நாள் பயிற்சி நடந்தது, நானும் போயிருந்தேன். சினைப்பன்றிக்கு நார்த் தீனியைக் கொஞ்சம் கூட்டினால் வயிறு நிறைந்து அமைதியாகக் கிடக்கும் என்றார்கள். முன்வரிசையில் குறட்டை விட்ட இவன் காதில் நாரும் வயிறும்தான் விழுந்தன. சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பன்றிக்கொட்டிலிலேயே மாட்டினான், வெட்கங்கெட்டவன்.

மகனுக்கு டிசம்பரில் கல்யாணம். பெண் வீட்டுக்குப் பன்னிரண்டு பிடி சுற்றளவுள்ள பன்றி கொடுப்பதாக வாக்கு; உடம்பைச் சுற்றிய கயிற்றைக் கைப்பிடி கைப்பிடியாக எண்ணுவது எங்கள் கணக்கு. குறைந்தால் பெண்ணின் தாய்மாமன் எழுந்து போய்விடுவார், கல்யாணமும் கூடவே போய்விடும்.

அதற்கென்று வளர்த்த பன்றிக்கு அவன் மனைவி யான்பெனி சேப்பந்தண்டும் தவிடும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவாள். அதற்கும் வந்தது வினை.

"கஞ்சிய நிறுத்துடி. மில்லுல உமி சும்மா கெடக்கு. அம்புட்டும் நாரு!"

"உமியத் தின்னா பன்னி ஊதும், தேறாதுங்க."

"சான்றிதழ் ஒனக்கா குடுத்தாங்க, எனக்கா?"

மறுநாள், அவன் ஒதுக்கிவிட்ட சவலைக் குட்டியோடு யான்பெனி என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, இது ஒங்க கொட்டில்ல இருக்கட்டும். அடுப்பையும் குடுங்க." அன்று முதல் கஞ்சிப்பானை என் அடுப்பில் ஏறியது.

லிபெமோவின் பன்றிக்கு வயிறு தொங்கியது, முதுகெலும்பு துருத்தியது. ஞாயிறுதோறும் தேவாலயம் விட்டு வந்ததும் அந்த வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டுக் கூவுவான்: "பதிமூணு பிடி!" முன்னங்காலுக்குப் பின்னால்தான் அளக்க வேண்டும் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சொன்னேன். "பொறாமையா அக்கா?" என்று பல்லைக் காட்டினான்.

டிசம்பரில் தாய்மாமன் மோன்தங் வந்தார். கயிற்றைப் போட வேண்டிய இடத்தில் போட்டார். ஒன்பது பிடி.

"சம்பந்தி, இது பன்னியா உமி மூட்டையா?"

இந்த மூடன் என்ன செய்தான் தெரியுமா? ஓடிப்போய்ச் சான்றிதழைக் கழற்றி வந்து அவரிடம் நீட்டினான்.

"இதையா வெட்டிப் பங்கு போடச் சொல்றீங்க?" என்று அவர் எழுந்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் முகத்தில் ரத்தமில்லை. அப்போது யான்பெனி என் கொட்டிலைத் திறந்து சவலையை ஓட்டி வந்தாள். அது சவலையாகவா இருந்தது! மோன்தங் அளந்தார். பன்னிரண்டு பிடிக்கு மேல் இரண்டு விரல். உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா, எல்லாம் நாரு!" என்றான் லிபெமோ. அந்த நாக்கை அறுத்தாலும் தகும்.

பன்றியை வெட்டி முடித்ததும் வளர்த்த கைக்கு ஒரு தொடைத்துண்டு கொடுப்பது எங்கள் வழக்கம். "வளத்த கை எது?" என்று கேட்டார் மோன்தங். லிபெமோ முந்திக்கொண்டு நீட்டினான். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், வெள்ளைவெளேரென்று இருந்தது. பிறகு யான்பெனியின் கையைப் பார்த்தார். சேப்பந்தண்டின் கறை நகத்துக்குள் வரை ஏறியிருந்தது. தொடைத்துண்டை அதில் வைத்தார்.

லிபெமோ நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மகன்தான் போய் அதைப் பிடித்துக் கீழே இறக்கினான்.